பழைய நேரம் நாலு மணி

அவர் முதன்முதலாக எங்கள் கதவைத் தட்டியது ஒரு மேஸ் கேட்டு. பெண்கள் குளிருக்குப் போடும் மெல்லிய நைலோன் காலுறை. கனடாவில், டோர்செட் பார்க்கில் அந்த உயர்ந்த கட்டடத்துக்கு நாங்கள் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இடுப்பில் ஆறுமாதப் பிள்ளையோடு கதவைத் திறக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் சாரமும் பனியனுமாக நிற்கிறார். ஒரு கண்ணில் கறுப்புச் சிமிழ் போலப் பூதக்கண்ணாடி. மற்றக் கண் என்னைப் பார்க்கிறது.

"பிள்ளை, குறை நினையாதையும். பொம்பிளையள் போடுற மெல்லிசு மேஸ் ஒண்டு உம்மட்டை இருக்கே? பழசெண்டாலும் காணும்."

நான் கதவைப் படாரென்று சாத்திவிட்டேன். பின்னேரம் வேலையால் வந்த என் கணவரிடம் சொன்னபோது அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் பக்கத்து வீட்டுக்குப் போனார். சண்டைச் சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

"அந்தாள் மணிக்கூடு திருத்துறவராம். திருகாணி ஒண்டு கார்ப்பெற்றுக்கை விழுந்திட்டுதாம். வக்கியூமின்ர வாயிலை மேஸைக் கட்டிப்போட்டு இழுத்தா ஆணி அதிலை வந்து நிக்குமாம். ஒண்டு குடப்பா."

கொடுத்தேன். கடுகில் பாதி அளவு ஆணி, அது கிடைத்துவிட்டது. மறுநாள் மேஸைத் தோய்த்து, காயவைத்து, நாலாக மடித்து ஒரு கடித உறையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். எனக்கு மானம் போய்விட்டது. அவருக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை, ஆணி கிடைத்த சந்தோஷம்.

பிற்காலத்தில் அந்தக் கட்டடத்துக்கு வந்த சனங்களிடம் அவரைப் பற்றிக் கேட்டால், "அந்த நித்திரைக்கார அண்ணையோ?" என்பார்கள். அவர் மனைவியே நாலு பேருக்கு நடுவில் அப்படிச் சொல்லுவார். வாய் நீளமான என்னால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் திறக்க முடியாமல் போயிற்று. இப்போது இருவரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். எனக்கு அவர் அண்ணை, அவர் மனைவி அக்கா, நான் அவருக்குப் பிள்ளை, அவ்வளவு காணும்.

ஊரில் அவர் பஸ் டிப்போவில் ரைம்கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுகிற வேலை. பிறகு போரோடு எரிபொருள் தடை வந்து பஸ் நின்றுபோனது. பற்றரியும் தடை. ஊரில் எல்லாருடைய கையிலும் இருந்த பற்றரிக் கடிகாரங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. சனங்கள் பெட்டிக்கு அடியில் கிடந்த தாத்தன் காலத்து முறுக்குகிற கடிகாரங்களைத் தூக்கிக்கொண்டு அலையத் தொடங்கினார்கள். வேலையில்லாமல் இருந்த இவர் ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். திரும்பப் பொருத்திப் பூட்டத் தெரியவில்லை. பூட்டப் படித்தார். அப்படித் தொடங்கியது இந்தப் பைத்தியம்.

"பற்றரி மணிக்கூடு அடுத்தவனை நம்பிற மணிக்கூடு, பிள்ளை. முறுக்கிற மணிக்கூடு உம்மட்டை ஒரு நாளைக்கு ஒருக்கா இருவது செக்கன்தான் கேக்குது. அதைக் குடுத்தா உம்மைக் கைவிடாது" என்பார்.

கனடாவுக்கு வந்தபின் பகலில் கார்ச் சாமான் செய்யும் ஒரு பக்டரியில் வேலை, விடிய ஆறு மணிக்குத் தொடங்கும். சனிக்கிழமைகளில் ஸ்காபரோ முழுக்க யார் வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்கிறார்கள் என்று தேடிப் போய், ஓடாத கடிகாரங்களை வாங்கி வருவார். திருத்தி விற்கமாட்டார். யாராவது வெறுங்கையோடு வந்தால் கட்டிவிடுவார். என் கணவருக்கு ஒன்று, கீழே குப்பை அள்ளும் வெள்ளைக்காரக் கிழவனுக்கு ஒன்று.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும். மேசை கதிரையெல்லாம் அவருக்குச் சரிவராது. நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, முன்னால் சாமான் வைக்க ஒரு குட்டி வாங்குப் பலகை. சாரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இழுத்து விரித்துவைப்பார். சாவண இடுக்கியிலிருந்து எது நழுவினாலும் சாரத்தில் விழும். பக்கத்தில் ஐஸ் கட்டி வைக்கும் பிளாஸ்டிக் தட்டு. கழற்றிய வரிசைப்படி குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவார், கடைசிக் குழியிலிருந்து எடுத்துப் பூட்டிக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் நான் உள்ளே போனால் தலையைத் தூக்காமலே, "மூச்சை அங்காலை விடும்" என்பார். ஒருமுறை என் பிள்ளை தும்மி மயிர்வில் என்கிற மெல்லிய சுருளே பறந்துபோய்விட்டது. அன்றும் மேஸ் கட்டிய வக்கியூம்தான்.

நேரத்தில் அவர் ஒரு பேய். எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் அழைப்பிதழில் ஆறு மணி என்று போட்டால் எட்டு மணிக்கு வா என்று அர்த்தம், அது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். இவர் ஆறுக்குப் போவார். ஒருமுறை என் கணவரின் சித்தப்பா மகளின் சாமத்திய வீட்டுக்கு, பூப்புச் சடங்குக்கு, ஆறு மணிக்குப் போய், பூட்டியிருந்த மண்டபத்துக்கு வெளியே தை மாதப் பனியில் பரிசுப் பொட்டலத்தோடு ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார். நாங்கள் போனபோது மீசையில் பனி.

"ஏன் அண்ணை, பக்கத்துப் பிளாஸாவிலை போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு நிண்டிருக்கலாமே?"

"ஆறு மணிக்கு வரச்சொல்லிப் போட்டிருக்கு. நான் இல்லாத நேரம் அவை வந்திட்டா?"

விசர் மனுசன் என்று திட்டினேன். அவர் கோபிக்கவில்லை. கை விறைத்து, தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இருந்தார்.

அந்த விசரில் என்னையும் சேர்த்துக்கொண்டார். அரசாங்க வானொலியில் தினமும் பகல் ஒரு மணிக்கு ஒரு நீண்ட பீப் வரும். அதுதான் நாட்டுக்கே சரியான நேரம். வார நாட்களில் அந்த நேரம் அவர் பக்டரியில். அதனால் விடிய வேலைக்குப் போகும்போது, அப்போது திருத்திக்கொண்டிருக்கும் கடிகாரத்தை எங்கள் கதவுக் குமிழில் ஒரு துணிப்பையில் கொழுவிவிட்டுப் போவார். நான் ஒரு மணிக்கு வானொலியைப் போட்டு, பீப் அடிக்கும்போது அந்தக் கடிகாரம் எத்தனை செக்கன் முந்துகிறது, எத்தனை செக்கன் பிந்துகிறது என்று ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். பிள்ளை அழும், கறி அடிப்பிடிக்கும், இருந்தாலும் எழுதுவேன். பின்னேரம் வந்து முதல் கேள்வி அதுதான்.

"எத்தினை செக்கன்?"

"பதினொண்டு பிந்துது."

"வடிவாப் பாத்தனீரோ?"

"கண் குருடே எனக்கு? பதினொண்டு."

"நீர் சொன்னாச் சரி" என்பார். என் வாழ்க்கையில் வேறு எவரும் என் சொல்லை அப்படி நம்பியதில்லை. கட்டின புருஷன்கூட இல்லை. அந்த நம்பிக்கைதான் பிறகு என்னைக் கொன்றது.

அவருக்கு ஊரில் மனைவி. இவர் புறப்படும்போது வயிற்றில் மூன்று மாதம். பெண் பிள்ளை பிறந்தது என்ற செய்தியே கடிதத்தில் ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது. எங்கள் ஊர்களில் அப்போது ரெலிபோன் கிடையாது. தொண்ணூற்றைந்தில் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது தாயும் பிள்ளையும் வன்னிக் காட்டுப்பக்கம் போய் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். அவரிடம் மகளின் ஒரே ஒரு படம் இருந்தது. மூன்று வயது, வெறும் மேல், நெற்றியில் கறுப்புப் பொட்டு. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருந்தார்.

"குரல் எப்பிடி இருக்குமோ தெரியாது, பிள்ளை. தாய்க்குக் கொஞ்சம் கட்டைக் குரல். என்ரை அம்மாவுக்குக் கீச்சுக் குரல்."

"ரேப்பிலை பதிஞ்சு அனுப்பச் சொல்லுங்கோவன்."

"ரேப்புக்குப் பற்றரி வேணுமே" என்றார்.

மனைவி எழுதுவார்: சின்னவள் ஒரு சிரட்டையைக் காதில் வைத்துக்கொண்டு, 'அப்பா, நான்தான் கதைக்கிறன்' என்று சொல்லிப் பழகுகிறாள். அந்த வரியை அவர் எனக்கு எத்தனை தரம் வாசித்துக் காட்டினார் என்று கணக்கில்லை. அடுத்த வரியையும் வாசிப்பார். நீங்கள் தந்த மணிக்கூடு ஒரு நாளும் நிற்கவில்லை, தினமும் விளக்கு வைக்கிற நேரம் முறுக்குகிறேன். புறப்படும் முன் அவர் மூன்று மாதம் இருந்து திருத்தி, மனைவியின் கையில் கட்டிவிட்டு வந்த சின்னப் பெண்கள் கடிகாரம் அது.

தொண்ணூற்றாறு கோடையில் மனைவியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கதவைத் தட்டக்கூட இல்லை, திறந்துகொண்டே வந்துவிட்டார். வாற மாதம் முதல் வெள்ளிக்கிழமை ஒரு நாள் பயண பாஸ் எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கு வருகிறேன், பிள்ளையையும் கூட்டிவருகிறேன், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ரெலிபோன் கடையில் பின்னேரம் நாலு மணிக்கு நிற்பேன், கோல் எடுங்கள் என்று எழுதியிருந்தது, கடை நம்பரும் இருந்தது.

அந்தக் கோடையில் இலங்கை அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளிவிட்டிருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவாம். அவர் அதைப் பத்திரிகையில் பார்த்திருந்தார். புது நேரம் நாலு மணி என்றால் எங்களுக்கு விடிய ஐந்தரை. ஒரு காகிதத்தில் 'அஞ்சரை' என்று பெரிதாக எழுதி மகளின் படத்துக்குக் கீழே ஒட்டினார். பக்டரியில் அன்றைக்கு லீவு கேட்டார். கனடா வந்த ஐந்து வருடத்தில் கேட்ட முதல் லீவு.

அந்த வெள்ளிக்கு மூன்று நாள் முன்னால் எனக்கு வன்னியிலிருந்து மாமியின் கடிதம் வந்தது. அதில் ஒரு வரி: கொழும்பில் நேரத்தை மாற்றிப்போட்டார்களாம், இங்கே இயக்கத்தின் ஆட்சிதானே, அவர்கள் மாற்றவில்லை, எங்களுக்குப் பழைய நேரம்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். வாசித்துவிட்டு மடித்து வைத்திருக்கலாம். கெட்டிக்காரி அல்லவா நான். அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கடிதத்தோடு ஓடினேன்.

"அண்ணை, பிழை விடப்போறியள். அங்கை சனம் பழைய நேரத்திலைதான் இருக்குதாம். அக்கா நாலு மணி எண்டு எழுதினது பழைய நாலு. எங்களுக்கு ஆறரை."

அவர் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். சாரத்தில் விழுந்துகிடந்த ஒரு சின்னப் பல்லுச் சக்கரத்தை எடுத்துக் குழியில் போட்டார்.

"வவுனியா ஆமியின்ர பக்கம். அங்கை புது நேரம்."

"ஊர் எந்த நேரமா இருந்தா என்ன? அக்காவின்ரை கையிலை எந்த நேரம்?"

அந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துபோனது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. "அது சரி. அவளின்ரை கையிலை நான் திருத்தின மணிக்கூடு. அதை விட்டிட்டு அவள் வேற ஒண்டையும் பாக்கமாட்டாள்" என்றார். எழும்பிப் போய்ப் பென்சிலால் 'அஞ்சரை'யை வெட்டினார். 'ஆறரை' என்று எழுதினார்.

இரண்டு நேரத்துக்கும் எடுத்துப் பார்த்தால் என்ன என்று யாரும் கேட்கலாம். நானும் கேட்டேன். "அந்தக் கடையளிலை வரிசையாப் பேர் எழுதிவைக்கிறவங்கள், பிள்ளை. கோல் வந்தவுடனை பேரை வெட்டிப்போடுவாங்கள். அவள் வரமுன்னம் நான் எடுத்தா, பிறகு அவள் வர, உன்ரை ஆள் எடுத்து முடிஞ்சுது, போ எண்டு கலைச்சுப்போடுவாங்கள். முந்திறதும் பிழை, பிந்திறதும் பிழை" என்றார். ரைம்கீப்பர் பேச்சு. அதில் எனக்கும் பிழை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிய என்னையும் வரச்சொன்னார். "சின்னவள் கதைச்சா எனக்கு வாய் வராது. நீர் பக்கத்திலை நிண்டு ஏதேனும் கேளும்." பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்தேகாலுக்கே போய்விட்டேன். முழுகி, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு இருந்தார். ரெலிபோன் குட்டி வாங்கில் இருந்தது. தேநீர் ஊற்றித் தந்தார். ஐந்தரைக்குக் கையைப் பார்த்து, "இன்னும் ஒரு மணித்தியாலம்" என்றார். நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டு தேநீர் குடித்தோம்.

சரியாக ஆறரைக்கு நம்பரை அழுத்தினார். முதலில் லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் தரம் மணி போனது. கண்ணால் எனக்குச் சாடை காட்டினார். மணி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. எவரும் எடுக்கவில்லை. எட்டு மணிவரை அடித்தார். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, கையில் இருந்த கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நான் பிந்தேல்லை, பிள்ளை" என்றார். "நான் பிந்தேல்லை."

ஐப்பசியில் மனைவியின் கடிதம் வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "அவையள் சுகமா இருக்கினம்" என்றார். வழக்கமாக ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டுகிறவர் அன்று கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றே பதில் எழுதிக் கீழே போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். எனக்குக் கோபம்கூட வந்தது. நான் ஒருத்தி இருக்கிறேன், எனக்கும் சொல்லலாமே என்று.

மாசியில் இன்னொரு கடிதம். அன்று பின்னேரம் வேலையால் வந்து வழக்கம்போலக் கதவில் நின்றார். நான் அன்று வானொலி போட மறந்துவிட்டேன், பிள்ளைக்குக் காய்ச்சல்.

"அண்ணை, இண்டைக்குப் பாக்கேல்லை. பிள்ளைக்கு மேல் சுடுது."

"பரவாயில்லை" என்றார். ஒரு செக்கனுக்குக்கூடப் பரவாயில்லை என்று சொல்லாத வாய். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் பிள்ளையின் நெற்றியில் கைவைத்தார். "மருந்து குடுத்தனீரோ? குடும். என்ரை சின்னவளுக்கும் காய்ச்சல்தானாம். மார்கழியிலை. மலேரியாவாம். மருந்து இல்லையாம்" என்றார். பிறகு துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். நான் அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

தொண்ணூற்றொன்பதில் அக்கா வந்து சேர்ந்தார். வறண்டு, உயர்ந்து, அதிகம் பேசாத பெண். கட்டைக் குரல். கையில் அந்தச் சின்னக் கடிகாரம், கண்ணாடி கீறி மங்கிப்போய். வந்து இரண்டாம் கிழமையில் எங்கள் குசினியில் இருந்து எனக்கு வெங்காயம் உரித்துத் தந்துகொண்டிருந்தார். தானாகவே சொல்லத் தொடங்கினார்.

"அண்டைக்கு வவுனியாவிலை நான் இரண்டு மணிக்கே கடைக்குப் போட்டன். உள்ளுக்கை போனாக் கடை மணிக்கூடு மூண்டு எண்டு காட்டுது. என்ரை கையிலை இரண்டு. யோசிச்சன், பிள்ளை. இவர் வெளியிலை இருக்கிறவர், அரசாங்கத்தின்ரை நேரத்தைத்தானே பாத்து எடுப்பார். இவருக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாதெண்டு, கடை மணிக்கூட்டைப் பாத்து என்ரையையும் மூண்டுக்குத் திருப்பி வைச்சன். நாலு மணியாச்சு. நாலரையாச்சு. அஞ்சு மணிக்குக் கடையைப் பூட்ட வேணும், ஊரடங்கு. இன்னும் கால் மணித்தியாலம் திறந்து வைக்கிறம் எண்டவங்கள், நாலு எப்பவோ போட்டுது, இனி எடுக்கமாட்டார் எண்டு நான்தான் வேண்டாம் எண்டன். எனக்கு விடிய முதல் வாகனத்திலை திரும்பவேணும். சின்னவள் ஒரே அழுகை. கடைக்காரப் பெடியன் பாவம் பாத்து ரிசீவரைத் தூக்கி அவளின்ரை கையிலை குடுத்தான். அவள் காதிலை வைச்சு, அப்பா, நான்தான் கதைக்கிறன் எண்டாள். பிறகு சிரிச்சுக்கொண்டு வைச்சிட்டாள். கொட்டிலுக்குத் திரும்பி வந்து எல்லாரிட்டையும் அப்பாவோடை கதைச்சிட்டன் எண்டு சொல்லித் திரிஞ்சவள்."

வெங்காயத்தை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்தார். அவர்கள் கடையில் காத்து நின்ற அந்த நாலு மணிதான், நாங்கள் தேநீர் குடித்த அந்த ஐந்தரை மணி.

"நான் நேரத்தைத் திருப்பி வைச்சதுதான் பிழையோ, அதாலைதான் சின்னவளுக்கு அப்பாவின்ரை குரல் கிடைக்காமல் போச்சோ எண்டு எனக்கு ஒரே விசர். இவருக்கு எழுதிக் கேட்டன். என்னைக் கொல்லாமல் உண்மையைச் சொல்லுங்கோ எண்டு எழுதினன். இவர் எழுதினார், உன்னிலை ஒரு பிழையும் இல்லை, நீ நிண்ட நேரம்தான் சரி, நான்தான் அண்டைக்கு நித்திரை கொண்டிட்டன் எண்டு."

"நித்திரையோ?" என்று கேட்டேன்.

"ஓம். நித்திரை. பெத்த பிள்ளையின்ர குரலைக் கேக்க எழும்ப ஏலாத மனுசன். பிள்ளை செத்த வீட்டிலையும் நான் அதைத்தான் நினைச்சு நினைச்சுக் கத்தினன். அந்தக் கோவம் இல்லாட்டி நான் அண்டைக்கே கிணத்துக்கை விழுந்திருப்பன்."

அன்று பின்னேரம் அவர் கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் இருக்கிறார் என்று அறிந்து இறங்கிப் போனேன். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து உடுப்பு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அக்காவிட்டை நான் போய்ச் சொல்லப்போறன். ஆறரை எண்டு சொன்னது நான். என்ரை வாயாலை வந்த வினை."

அவர் திரும்பவில்லை. "சொல்லி?" என்றார். "அப்ப நான் ஆறரை வரைக்கும் முழிச்சிருந்தனான் எண்டு தெரியும். அவளின்ரை கை மணிக்கூட்டை நம்பித்தான் இருந்தனான் எண்டு தெரியும். அதைத் தான் திருப்பாமல் விட்டிருந்தாச் சந்திச்சிருப்பம் எண்டு தெரியும். தெரிஞ்சா அவள் உயிரோடை மிஞ்சமாட்டாள், பிள்ளை. அவள் ஆரையேனும் கோவிக்கத்தானே வேணும். என்னைக் கோவிக்கட்டும்."

"அண்ணை, அது பொய்யெல்லே?"

"ஓம்" என்றார். "பொய்தான்." மெஷினில் சுற்றும் ஒரு சாரத்தைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "சின்னவள் என்னோடை கதைச்சிட்டன் எண்டுதான் நம்பினவள். அது காணும். கேக்காதது நான் மட்டும்தானே. நீர் உம்மைக் கோவிக்காதையும். ஆர்ரை கையிலை எந்த நேரம் எண்டு கேட்டனீர். நல்ல கேள்விதான் கேட்டனீர்."

நான் அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. அவரிடம் வாக்குக் கொடுத்தேன் என்றுகூட இல்லை. அழுதுகொண்டே மேலே வந்துவிட்டேன்.

அந்தக் கிழமையே அக்கா பிளாஸாவில் ஒரு பற்றரி அலாரம் மணிக்கூடு வாங்கிக்கொண்டு வந்து அவர் தலைமாட்டில் வைத்தார். "இல்லாட்டி இவர் வேலைக்கும் போகாமல் கிடந்திடுவார்" என்று எனக்குச் சொன்னார். அவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். பற்றரி மணிக்கூடு, அவர் வீட்டில்.

அவருடைய படுக்கை அறைக்கும் எங்களுடையதற்கும் நடுவில் ஒற்றைச் சுவர். நான் குடிவந்த நாளிலிருந்து அவர் விடிய நாலரைக்கு இருமுவார். மழையோ பனியோ, நாலரைக்கு ஒரு இருமல், உடனே தரையில் காலடிச் சத்தம், பைப் திறக்கும் சத்தம். அவருக்கு எழுப்ப எவரும் வேண்டியதில்லை. அந்த மணிக்கூடு வந்த பிறகும் நாலரைக்கு இருமல் கேட்டது. காலடி கேட்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதன்பிறகு நாங்கள் அந்தக் கட்டடத்தை விட்டுப் போகும்வரை மூன்று வருடம் ஒவ்வொரு நாளும் அப்படித்தான். இருமிவிட்டு, இருளில், அசையாமல், கண் முழித்தபடி படுத்திருப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் படுத்திருப்பேன்.

ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும். அக்காவின் கட்டைக் குரல் கேட்கும்: "எழும்புங்கோ. இண்டைக்கும் பிந்தப்போறியள்."

அதன்பிறகுதான் அவர் எழும்புவார்.